பழைய பிரிட்டிஷ் சொகுசுக் காரைச் சொந்தமாக வைத்திருப்பதில் அப்படி என்ன ஈர்ப்பு இருக்கிறது?

"அதே பணத்துக்குப் பழுதில்லாத புதிய கார் ஒன்றை வாங்கிவிடலாமே, அரை நூற்றாண்டுப் பழைய வண்டியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?" என்றும் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தில் வார்விக்‌ஷயரில் வசிக்கிறேன். பக்கத்திலுள்ள கோவென்ட்ரி நகரில் 1972இல் உருவான ஜாகுவார் எக்ஸ்ஜே6 என்னிடம் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸோ பென்ட்லியோ நான் வைத்திருந்ததில்லை. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த இந்த ஒரு காரை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஊரார் பார்த்து வியக்க வேண்டும் என்று இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே விற்றுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களைக் கேட்டால் வேறொன்றைச் சொல்வார்கள். இந்தக் காரில் கிடைக்கும் சுகம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனால், அது ஒரு ரப்பர் துண்டிலோ ஒரு ஸ்பிரிங்கிலோ போய் நிற்கும். அதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், தேய்ந்திருந்தால் நாமே மாற்றலாம். இன்றைய சொகுசுக் கார்களில் அந்த வேலையில் பெரும்பகுதியைக் கணினி எடுத்துக்கொண்டுவிட்டது. பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. சொகுசு என்பதை மனிதர்கள் எப்படிச் செய்தார்கள் என்று திறந்து பார்க்க முடிவதுதான் என்னைப் பொறுத்தவரை இதன் ஈர்ப்பு.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ஜே6 1968 செப்டம்பரில் அறிமுகமானது. அதன் ஓட்டத்தில் இருக்கும் மென்மைக்குப் பாப் நைட் என்ற பொறியாளருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சாலையின் இரைச்சலும் அதிர்வும் காருக்குள் ஏறிவரும் வழிகளை ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தவர் அவர். பின் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி), பிரேக் டிஸ்க்குகள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கூட்டை காரின் உடலோடு நேரடியாக முடுக்கவில்லை. நடுவே தடித்த ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். சக்கரத்தில் விழும் அடி ரப்பரைத் தாண்டித்தான் உடலுக்கு வர வேண்டும். பிரேக் டிஸ்க்குகளும் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கிற எடை அந்த அளவுக்குக் குறைகிறது. எடை குறைந்த சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உங்களை அவ்வளவாக உலுக்குவதில்லை. 1961இல் இ-டைப்பிலும் மார்க் 10இலும் வந்த இந்த அமைப்பை எக்ஸ்ஜே6க்கு எடுத்துக்கொண்டு, முன்பக்கத்துக்கும் ரப்பரில் உட்காரும் தனிச் சட்டம் கொடுத்தார்கள்.

இதற்கு ஒரு தண்டனையும் உண்டு. பின் பிரேக் பேடு மாற்ற வேண்டுமானால் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, கை நுழையாத இடத்தில் கையை நுழைக்க வேண்டும். பிரேக்கின் சூடு பக்கத்திலிருக்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெய் சீலைக் கெடுத்துவிடும். ஆனாலும் அப்படி வைத்தது சரியான முடிவுதான் என்பேன். என் காரில் அந்த ரப்பர் தாங்கிகள் வயதாகி இறுகிப் பிளந்திருந்தன. இங்கே கிராமத்துச் சாலைகளின் நடுக்கோட்டில், இரவில் ஒளி காட்டுவதற்காகச் சிறு குமிழ்கள் பதித்திருப்பார்கள். ஒரு வண்டியை முந்தும்போது சக்கரம் அவற்றின் மீது ஏறினால் தொடைக்கு அடியில் டக் டக் என்று தட்டும். தாங்கிகளை மாற்றிய பிறகு அதே சாலையில் ஓட்டினேன். சத்தம் மெலிதாகக் காதுக்கு எட்டியது, உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. மாற்றியதெல்லாம் சில ரப்பர் துண்டுகள்தான். அன்று அடைந்த மகிழ்ச்சியை எந்தப் புதிய காரும் எனக்குத் தந்ததில்லை.

தோற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாகுவாரை வளர்த்த வில்லியம் லயன்ஸ், 1922இல் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்யும் சிறு தொழிலில் கூட்டாளியாகத் தொடங்கியவர். காகித வரைபடத்தை விட முழு அளவு மாதிரியைத்தான் அவர் நம்பினார். மாதிரியைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, வெயிலில் நிறுத்தி, எட்ட நின்றும் கிட்டே வந்தும் பார்த்து, கோடுகளை மாற்றச் சொல்வாராம். எக்ஸ்ஜே6 அவர் முன்னின்று வடிவமைத்த கடைசிப் பெரிய கார். என் கார் உருவான 1972இல்தான் அவர் ஓய்வு பெற்றார். பின் கதவைத் தாண்டியதும் இடுப்புக் கோடு சக்கரத்துக்கு மேலே லேசாக எழும்பி, வால்பக்கம் நோக்கி இறங்கிப் போகும். புகைப்படத்தில் அது அவ்வளவாகப் பிடிபடாது. காரைக் கழுவிவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போகும்போதுதான், அந்த எழுச்சி எங்கே தொடங்குகிறது என்று கையாலேயே கண்டுபிடிக்க முடியாதபடி அமைந்திருப்பது புரியும்.

எஞ்சினுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சுக்குக் கடுமையாக ஆளான நகரம் கோவென்ட்ரி. 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவில் நகரின் மையப்பகுதி எரிந்து நாசமானது. தொழிற்சாலைகளில் எங்காவது தீப்பற்றுகிறதா என்று இரவில் முறைவைத்துக் காவலிருப்பது வழக்கமாயிற்று. லயன்ஸும், வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி என்ற பொறியாளர்களும் அப்படிக் காவலிருந்த இரவுகளில், போர் முடிந்ததும் செய்யப்போகும் எஞ்சினைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவே எக்ஸ்கே எஞ்சின். 1948இல் எக்ஸ்கே120 காரில் வெளிவந்தது. லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் இந்த எஞ்சின் பூட்டிய ஜாகுவார்கள்தான் வென்றன. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கார்பியன் கவச வாகனத்தையும் இதே எஞ்சினின் 4.2 லிட்டர் வடிவம் ஓட்டியிருக்கிறது. 1992 வரை உற்பத்தியில் இருந்தது. ஊரே எரிந்துகொண்டிருந்த காலத்தில், நாளைக்கு ஓர் அழகான எஞ்சின் செய்வோம் என்று உட்கார்ந்து யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். கோவென்ட்ரியின் பிரௌன்ஸ் லேன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கார் வாங்கி வந்த புதிதில் தாமாகவே வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்தார். எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழிகளைத் திறந்து மூடும் வால்வுகளின் பக்கமிருந்து தையல் இயந்திரம் போல மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. சரிசெய்ய வேண்டுமா என்று கேட்டேன். "இது கேட்கிற வரைக்கும் நிம்மதியாக இருங்கள். கேட்காமல் போனால்தான் பயப்பட வேண்டும்" என்றார். வால்வுக்கு இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துபோனால் சத்தம் அடங்கிவிடும். வால்வு சரியாக மூடாமல் நாளடைவில் கருகிவிடும். பிறகு எஞ்சினின் முன்புறம் காதை வைத்து, அந்த வால்வுகளை எஞ்சினின் சுழற்சியோடு இணைத்து இயக்கும் டைமிங் சங்கிலியின் சலசலப்பை எப்படிப் பிரித்துக் கேட்பது என்று பழக்கினார். மேல் சங்கிலி தளர்ந்தால் வெளியிலிருந்தே முடுக்கிவிடலாம், கீழ்ச் சங்கிலி என்றால் பெரிய வேலை. அவரிடமிருந்து வந்த அறிவு எந்தக் கையேட்டிலும் எனக்கு அப்படிக் கிடைக்கவில்லை. இந்தக் கார் என்னிடம் இல்லாதிருந்தால் நாங்கள் இருவரும் தெருவில் தலையாட்டிக்கொள்வதோடு நின்றிருப்போம்.

இனி பணம். வாங்கும் விலை பலர் நினைப்பதை விடக் குறைவு. அதில் மயங்கிவிடாதீர்கள், வாங்கிய பின் ஆவது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. என் கார் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. எண்ணெய் கொஞ்சம் கசியும். எண்ணெய் வெளியேறாமல் தடுக்க அந்தக் காலத்தில் வைத்த கயிற்று சீலின் இயல்பு அது. மின்சாரக் கோளாறுகள் என்று சொல்லப்படுபவற்றில் பாதி, மின்சுற்றைக் காரின் உடலோடு சேர்க்கும் எர்த் இணைப்புகளில் அழுக்கும் துருவும் ஏறியதால் வருபவை. சுரண்டிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். உண்மையான எதிரி உடலில் ஏறும் துரு. 1968இல் பிரிட்டிஷ் லேலண்டின் பகுதியாகி, 1975இல் அரசுடைமையான அந்தக் காலகட்டத்தில் ஜாகுவாரின் தயாரிப்புத் தரம் சரிந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சட்டம் ஓரளவு கை கொடுக்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி கிடையாது, வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. சோதனையை நான் விடாமல் செய்கிறேன், 1.6 டன் இரும்பைச் சாலையில் ஓட்டுகிறவனுக்கு அது கடமை. 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பதால் விலை கூடிய பெட்ரோலைத்தான் போடுகிறேன்.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள், ஜாகுவார் 2008 முதல் டாட்டா மோட்டார்ஸின் கையில் இருப்பதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான்.

தினமும் அலுவலகம் போக ஒரே கார்தான் என்றால் இதை வாங்காதீர்கள். கையில் கிரீஸ் படுவது பிடிக்காது என்றாலும் வேண்டாம். இரண்டுக்கும் தடையில்லை, வாங்கியே தீருவேன் என்றால் 4.2 லிட்டரையே தேடுங்கள், 2.8 லிட்டர் எஞ்சினுக்குப் பிஸ்டனில் ஓட்டை விழும் கெட்ட பெயர் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு எண்ணெய் அழுத்தமானியைப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழேயுள்ள தகட்டையும் எஞ்சினுக்கு முன்னால் அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தையும் துரு அரித்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். இந்தக் காருக்குப் பின்பக்கம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் தொட்டிகள். டாஷ்போர்டிலிருக்கும் சுவிட்சைத் தட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஒவ்வொரு தொட்டியின் மூடியும் ஒரு சிறு குழிக்குள் இருக்கிறது. அந்தக் குழியின் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கித் தொட்டியையும் பக்கத்தகட்டையும் அரித்துவிடும். விற்பவரிடம் அனுமதி கேட்டு, தொட்டி மூடியைத் திறக்காமலே இரண்டு குழியிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். அது உடனே காருக்கு அடியில் தரையில் சொட்டினால் பேரத்தைத் தொடங்கலாம்.