ஒரே வரியை எத்தனை இடத்தில் திருத்துவது?

கையேடு எழுதுவோர், மொழிபெயர்ப்போர், அச்சுக்குக் கொடுப்போர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து பதில்கள்

கேள்வி: அக்கா, கிண்ணியாவில் வள்ளத்துக்கான எஞ்சின் விற்கிறோம். மூன்று மாடல். ஒவ்வொன்றுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று பாவனைத் தாள். ஒரு மாடலுக்கு எண்ணெய்க் கலவை அளவு மாறியபோது தமிழிலும் ஆங்கிலத்திலும் திருத்தினேன். சிங்களத்தில் பழைய அளவே நின்றுவிட்டது. வாங்கியவர் சண்டைக்கு வந்தார். ஒன்பது ஃபைலையும் ஒரே இடத்தில் திருத்த வழி உண்டா?

பதில்: உண்டு தம்பி. ஒரே சங்கதி ஒன்பது இடத்தில் குடியிருக்கிறது, அதுதான் சிக்கல். அதை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

உங்கள் தாளை எடுத்து, 'தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட விடாதீர்கள்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் பகுதியில் இருக்கும். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும் பகுதியில் இருக்கும். மாரிக்குக் கழற்றி வைக்குமுன் ஓட்டிப் பார்க்கும் பகுதியிலும் இருக்கும். மூன்று மாடலுக்கும் இதே கதை. எல்லாம் வெட்டி ஒட்டியவை. கையேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து அமைக்கும் முறையில் எழுதுகிறவர்கள் அந்த வரியை ஒரு ஃபைலில் ஒரே ஒரு தடவை எழுதி, அதற்கு ஓர் அடையாளம் கொடுப்பார்கள். மற்ற இடங்களில் வரி இருக்காது, 'அந்த அடையாளம் உள்ளதை இங்கே கொண்டு வா' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். மூலத்தில் திருத்தினால் அடுத்த தடவை தாள் எடுக்கும்போது எல்லா இடத்திலும் திருந்தியிருக்கும்.

மாடல் வேறுபாட்டுக்கும் வழி இருக்கிறது. ஒரு மாடலுக்கு மட்டும் உரிய வரியில் அந்த மாடலின் பெயரைக் குறியாகப் போட்டுவிடுங்கள். தாள் எடுக்கும்போது எந்த மாடல் என்று சொன்னால் மற்றவற்றின் வரிகள் தானாக விடுபடும்.

மொழி விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே மூலம் என்றால் தமிழில் திருத்தினதும் சிங்களம் தானே திருந்திவிடும் என்று பொருளில்லை. மூன்று மொழிக்கும் மூன்று மூலம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கலவை அளவு வெறும் எண். எண்ணுக்கு மொழி கிடையாது. அதைத் தனி அட்டவணையாக வைத்து மூன்று மொழியும் அதிலிருந்தே எடுக்கும்படி செய்தால் உங்களுக்கு வந்த சண்டை திரும்ப வராது. மீதி எழுத்தைச் சிறு சிறு தலைப்புகளாகப் பிரித்து வையுங்கள். தமிழில் 'கழுவுதல்' திருத்தப்பட்ட திகதியும் சிங்களத்தில் அதன் திகதியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்போது எது பின்தங்கி நிற்கிறது என்று ஒரு பார்வையில் பிடிபடும்.

இதற்கென உள்ள வடிவங்களில் பரவலானது டிட்டா. ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. 2004இல் ஒயாசிஸ் என்ற தர அமைப்பிடம் கொடுக்கப்பட்டு, 2005இல் முதல் பதிப்பு தரமாக வந்தது. எழுத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் குறியிட்டு எழுதும் எக்ஸ்.எம்.எல்.இல் எழுதுவது. அதிலிருந்து பீ.டி.எஃப்., இணையப் பக்கம் எல்லாம் எடுத்துத் தரும் திறந்த மூலக் கருவித்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் மென்பொருளைத் தேடி இன்றைக்கே ஓடாதீர்கள். முதலில் ஒரு மாடலின் தாளை அச்செடுத்து, பேனாவால் மூன்றாகப் பிரியுங்கள். ஏன் என்று விளக்கும் பகுதி, எப்படிச் செய்வது என்ற படிகள், அளவு விவரங்கள். டிட்டாவின் அடிப்படைப் பிரிவுகளும் இவைதான். இந்தப் பிரிப்பு ஒழுங்காக வந்தால் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

கேள்வி: நகரில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கொழும்பு கம்பனி ஒன்று பொருளின் பெயரை மட்டும் இடைவெளியாக விட்டு வாக்கியங்களை அனுப்புகிறது. ஆங்கிலத்தில் பொருந்துகிறது, தமிழில் எல்லாம் உளறலாக வருகிறது. இந்த முறை நம் மொழிக்குச் சரிப்படாதா?

பதில்: சரிப்படும், துண்டை வெட்டும் இடம்தான் பிழை. அந்த இடைவெளியில் 'வள்ளம்' வந்தால் வள்ளத்தை, வள்ளத்தில், வள்ளத்துக்கு என்று மாற வேண்டும். 'படகு' வந்தால் படகை, படகில், படகுக்கு. உருபை வெளியே எழுதி வைத்துவிட்டு பெயரை உள்ளே செருகினால் 'வள்ளம்ஐ' என்றுதான் வந்து நிற்கும். ஆகவே தமிழில் சொல்லைப் பகிராதீர்கள், முழு வாக்கியத்தைப் பகிருங்கள். கம்பனி வாக்கியத்தை முழுதாகத் தர மறுத்தால், பெயர் தனித்து நிற்கும் இடங்களில், அதாவது தலைப்பிலும் அட்டவணையிலும் மட்டும் இடைவெளியை ஏற்றுக்கொள்ளுங்கள். இதை அவர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். மொழிபெயர்க்கப்போகும் ஆவணத்தில் தனிச்சொல்லைச் செருகாதே என்பது இந்தத் துறையில் பழகியவர்கள் எல்லா மொழிக்கும் சொல்லும் புத்திதான். நமக்கென்று கேட்கும் சலுகை இல்லை.

இன்னொன்று. பழைய தமிழ்த் தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவையாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்து. அதை அப்படியே மூலமாக வைத்தால் தேடலும் நடக்காது, எழுத்துரு மாறிய இடத்தில் ஒருவராலும் வாசிக்கவும் முடியாது. பீ.டி.எஃப். எடுத்ததும் 'கொ', 'பௌ' போன்ற எழுத்துகளைப் பார்த்து, கொம்பு தன் இடத்தில் நிற்கிறதா என்று உறுதிசெய்த பிறகே அச்சகத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது. கையேடு எழுதும் நீங்கள் சிலர் மாதாமாதம் கூடிக் கதைப்பதில் என்ன பயன்? ‒ உப்புவெளி வாசகர்

பதில்: கருவியைத் தனியாகப் படிக்கலாம். உடன்பாட்டைத் தனியாக உண்டாக்க முடியாது. டிட்டாவே அப்படி உண்டானதுதான். ஒன்றோடொன்று போட்டி போடும் கம்பனிகளின் ஆட்கள் ஒரே குழுவில் இருந்து விதிகளை எழுதினார்கள். 2007, 2010, 2015 என்று அடுத்தடுத்த பதிப்புகளும் அப்படித்தான் வந்தன.

எங்கள் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் ஒரே விஷயத்துக்குப் போனது: எச்சரிக்கை, படிக்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா? எழுதுகிறவர்கள் இரு பக்கமும் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தோம். கூட்டிவந்திருந்த எஞ்சின் மெக்கானிக் சொன்னார்: "மூடியைக் கழற்று என்று வாசித்தால் என் கை அப்போதே கழற்றிவிடும். சூடாக இருக்கும் என்று அடுத்த வரியில் சொல்லி என்ன?" அதோடு முடிவானது. இப்போது எங்களில் யார் எழுதினாலும் எச்சரிக்கை முதலில். அதனால்தான் ஒருவர் எழுதிய துண்டை இன்னொருவர் தயங்காமல் தன் கையேட்டில் எடுத்துப் போட முடிகிறது. வெட்டி ஒட்டாமல் பகிர்வதற்கு மென்பொருளை விட இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். கையேடு எழுதுவது ஒரு தொழிலா? கணினி நிரல் தெரிய வேண்டுமா? இந்தத் துறையின் பெரிய சங்கமே மூடப்பட்டுவிட்டது என்கிறார்களே?

பதில்: தொழில்தான் தங்கச்சி. நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மை. அமெரிக்காவில் 1953இல் வேர்விட்ட தொழில்நுட்ப எழுத்தாளர் சங்கம் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. எனக்கு மனவருத்தம்தான், அந்தச் சங்கத்தின் எழுத்துகளை வாசித்து வளர்ந்தவள் நான். ஆனால் ஜெர்மனியில் 1978இல் தொடங்கிய டெகாம் என்ற சங்கம் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு மாநாடாகத் தொடங்கிய 'ரைட் த டாக்ஸ்' என்ற குழுமம் இருக்கிறது. அதில் எழுத்தாளரும் நிரலாளரும் ஒன்றாகவே இருக்கிறார்கள், வேலைக்குப் புதியவர்கள் கேட்கும் கேள்விக்கும் மதிப்பு உண்டு.

நிரல் கட்டாயமில்லை. குறிகளைத் திறந்து மூடும் எக்ஸ்.எம்.எல். ஒரு வாரத்தில் பழகிவிடும், எளிய குறிகளால் எழுதும் மார்க்டவுன் அதைவிட இலகு. வேலை செய்கிறவரிடம் வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் குணம்தான் கட்டாயம். சனிக்கிழமை காலை நிலாவெளிக் கரையில் எஞ்சின் கழுவும் ஒருவரிடம் அனுமதி கேட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் செய்வதை ஒரு படிக்கு ஒரு செயல் என்று எழுதுங்கள். ஏன் கழுவ வேண்டும் என்பதைப் படிகளுக்குள் போடாமல் வேறு தாளில் எழுதுங்கள்: உப்பு படிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழி அடைபடுகிறது என்பதை. பிறகு எஞ்சினே தொட்டறியாத தோழி ஒருத்தியிடம் படிகளை மட்டும் கொடுத்து, எஞ்சின் கழுவியவர் முன்னால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவள் எந்தப் படியில் கை தயங்கி நிற்கிறாளோ அந்தப் படியைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறோம்.