மேலாளரின் பெயரும் மவுண்ட் ரோடு புத்தகக் கடையும்

கேள்வி: அன்புள்ள ஐயா, நான் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளரின் குடும்பப் பெயர் ஹிக்கின்பாட்டம். அறிமுகமான அன்றே, "எங்கள் ஊரில் உங்கள் பெயரில் பெரிய புத்தகக் கடை இருக்கிறது, உங்கள் சொந்தக்காரர்களா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. சென்னைக் கடையின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறதே, எங்கள் ஆட்கள்தானா என்று விசாரித்துச் சொல்" என்றார். இப்போது பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அவர்கள் ஏன் சிரித்தார்கள்? நான் தப்பாக ஏதாவது பேசிவிட்டேனா? மேலாளரிடம் என்ன பதில் சொல்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்டாக்போர்ட்

பதில்: தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். அவர்கள் சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னாலே இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிரிப்பார்கள். சிலருக்கு அந்த வயசு கடைசிவரை போவதில்லை. 'பாட்டம்' என்றால் இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் பிருஷ்டம். ஆனால் பெயர் பிறந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஓர் அர்த்தமே கிடையாது. இரண்டு மேடுகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிக் கிடக்கும் ஈரமான தாழ்நிலம், அவ்வளவுதான். உட்காரும் இடத்துக்கு அந்தச் சொல் வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். உங்கள் மேலாளரின் குடும்பப் பெயர் அதற்குப் பல நூறு வருடம் மூத்தது.

நீங்கள் இருக்கும் பகுதிக்கே உரிய பெயர் வகை இது. பென்னைன் மலைத்தொடரின் இரு பக்கமும், லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும், மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சின்னச் சின்னப் பள்ளங்களை வெட்டி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர். அங்கே குடியிருந்தவனுக்கும் அதே பெயர். ராம்ஸ்பாட்டம், லாங்பாட்டம், வின்டர்பாட்டம், ரோபாட்டம், ஷஃபிள்பாட்டம் என்று ஒரு பெரிய பட்டாளமே உண்டு. ராம்ஸ்பாட்டம் என்ற ஊர், மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி (Bury) நகரத்துக்கு வடக்கே இன்றும் இருக்கிறது. நமக்குக் கிரிக்கெட் வழியாக இதில் இரண்டு குடும்பங்கள் பழக்கம். இங்கிலாந்துக்கு ஆடிய அப்பா ஆர்னி, மகன் ரயன் என்ற சைட்பாட்டம்கள் ஒன்று. இன்னொன்றை யாரும் சட்டென்று யோசிப்பதில்லை: இயன் போத்தம். அந்தப் பெயரும் இதே பள்ளத்துச் சொல்தான், எழுத்தும் உச்சரிப்பும் வேறு பக்கம் போய்விட்டது. அவரை எதிர்த்துப் பந்து போட்டவர்கள் யாரும் பெயரைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை.

சரி, ஹிக்கின்பாட்டத்துக்கு வருவோம். பெயராய்வாளர்கள் பெரும்பாலும் கை காட்டுவது போல்ட்டன் நகரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஓக்கன்பாட்டம் என்ற இடத்தை. ஓக் மரங்கள் நின்ற பள்ளம். மான்செஸ்டரைத் தாண்டினால் போல்ட்டன்தான்; ஒரு சனிக்கிழமை காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் கோட்டை கொத்தளம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். இன்று அது ஒரு குடியிருப்புப் பகுதி. ஓக்கன்பாட்டம் ரோடு என்று தெருப் பலகை இருக்கும்; மேலாளருக்கு அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலே அகமகிழ்ந்து போவார்.

ஓக்கன் எப்படி ஹிக்கின் ஆனது? பழைய ஆங்கிலத்தில் ஓக் மரத்தாலானது என்பதற்கான சொல், 'ஏக்கன்' என்பதுபோல ஒலிக்கும். நாலைந்து தலைமுறை போனதும் ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த முதல் பாதி எதைக் குறித்தது என்பது மறந்துவிட்டது. காதுக்குப் பழக்கமான வேறு பெயர் ஒன்று பக்கத்திலேயே இருந்தது: ஹிக்கின். அந்தக் காலத்தில் ஆண்களின் பெயர்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். ஒரே கிராமத்தில் பத்து ரிச்சர்டு இருப்பார்கள். அதனால் செல்லப் பெயர்கள் குட்டி போட்டன. ரிச்சர்டு முதலில் ரிக், அதற்கு எதுகையாக டிக், ஹிக். ராபர்ட்டுக்கு ராப், ஹாப், டாப், பாப். ஹிக் சின்னவனாக இருந்தால் ஹிக்கின். இன்று நீங்கள் அலுவலகத்தில் பார்க்கும் ஹிக்ஸ், ஹிக்கின்ஸ், டிக்சன் எல்லோரும் ஏதோ ஒரு ரிச்சர்டின் வாரிசுகள். ஹிக்கின்பாட்டம் மட்டும் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஓக் மரம்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் என்பதே பிற்பாடு வந்த வழக்கம். 1066இல் நார்மன்கள் வருவதற்கு முன் சாதாரண ஆங்கிலேயனுக்கு ஒரே பெயர்தான். பிறகு நிலம் வைத்திருந்தவர்கள் வாரிசுரிமைக்காகப் பெயரைப் பிள்ளைகளுக்குக் கடத்த ஆரம்பித்தார்கள், கீழே இருந்தவர்கள் மெல்லப் பின்தொடர்ந்தார்கள். தெற்கே 1400 வாக்கில் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிட்டது. வடக்கே இன்னும் தாமதம். அப்பன் பெயர், தொழில், பட்டப்பெயர், ஊர் என்று நாலு வழி. இதில் ஒரு விஷயம் முக்கியம். ஸ்மித் என்றால் கொல்லன். ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், எனவே ஆயிரம் இடங்களில் தனித்தனியாக ஸ்மித்துகள் முளைத்தார்கள். ஆனால் ஒரு சின்னப் பள்ளத்தின் பெயரை எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு குடும்பங்களால்தான் முடியும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 2009இல் வெளியிட்ட மரபணு ஆய்விலும் இதே கதைதான்: ஸ்மித் போன்ற பெயர்க்காரர்களிடம் தந்தைவழி ஒற்றுமை இல்லை, அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையிடம் போய் முடிகிறார்கள்.

அதனால் உங்கள் மேலாளரும் புத்தகக் கடைக்காரரும் எட்டத்து உறவு என்பதற்கு வாய்ப்பு உண்டு. 'உண்டு' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே போகக் காகிதம் வேண்டும்.

எழுத்து மாறியிருக்கிறதே என்கிறாரா? அதை ஒரு காரணமாகவே எடுக்க வேண்டாம். 1538இல் தாமஸ் கிராம்வெல் உத்தரவுப்படி ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள். எழுதியவர் பாதிரியார் அல்லது குமாஸ்தா. பெயர் சொன்னவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி. காதில் விழுந்ததை எழுதினார்கள். ஹிக்கின்பாட்டம், ஹிக்கின்பாதம், ஹெகின்பாதம், ஹிக்கன்பாட்டம், நடுவில் ஒரு மெய்யெழுத்து குறைந்த ஹிகின்பாதம் என்று எத்தனையோ. ஒரே ஆள் பிறந்தபோது ஓர் எழுத்து, கல்யாணத்தில் ஓர் எழுத்து, கல்லறையில் ஓர் எழுத்து என்று இருப்பது சகஜம். பின்னாளில் சிரிப்பிலிருந்து தப்பிக்க இந்த வகைப் பெயர்க்காரர்கள் சிலர் வேண்டுமென்றே 'பாட்டம்' (bottom) எழுத்தை விட்டு 'பாதம்' (botham) எழுத்துக்கு மாறியதும் உண்டு. இங்கிலாந்தில் அந்த எழுத்தையும் பலர் 'பாட்டம்' என்றே வாசிக்கிறார்கள். நாம் சென்னைக் கடையை ஹிக்கின்பாதம்ஸ் என்று அழைப்பது எழுத்தைப் பார்த்து வாசித்த வாசிப்பு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

இன்று இந்தப் பெயர் எங்கே இருக்கிறது? இங்கிலாந்துக்குள் அது அதிக தூரம் நகரவே இல்லை. லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர் மூன்றும் கை குலுக்கும் மூலையில், ஸ்டாக்போர்ட், ஆஷ்டன், கிளாசப் பக்கம்தான் அடர்த்தி. பஞ்சாலைகள் வந்தபோதும் வேலை தேடி மலையிலிருந்து இறங்கியவர்களுக்குப் பக்கத்திலேயே ஆலைகள் இருந்தன; வெளியே போக வேண்டிய தேவை வரவில்லை. அதாவது உங்கள் மேலாளர் தன் பெயரின் சொந்தச் சீமையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

கடல் தாண்டியவர்கள்தான் 'பாதம்' எழுத்தைப் பரப்பினார்கள். அமெரிக்காவில் அந்த எழுத்துதான் மிகுதி. அங்கே வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர், 1958இல் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று அலைகாட்டித் திரையில் ஒரு டென்னிஸ் விளையாட்டை உருவாக்கினார். உலகின் ஆரம்பகால வீடியோ கேம்களில் ஒன்று அது. ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜார்ஜ் ஹிகின்பாதம். டப்ளினில் பிறந்து மெல்போர்னுக்குப் போய், 1886இல் இன்றைய விக்டோரியா மாநிலத்தின் தலைமை நீதிபதி ஆனவர். 1890இல் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பதவியில் இருந்துகொண்டே அவர்கள் நிதிக்கு 50 பவுண்டு அனுப்பி, வாரம் 10 பவுண்டு தருகிறேன் என்று கடிதமும் எழுதினார். இன்றைக்கு ஒரு நீதிபதி அப்படிச் செய்தால் டி.வி. விவாதங்கள் ஒரு மாதம் ஓடும்.

அமெரிக்கப் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென் மாநிலங்களில் இந்தப் பெயர்கொண்ட வெள்ளைக்காரப் பண்ணையார்கள் இருந்தார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் 1865இல் விடுதலையான பிறகு, முன்னாள் பண்ணையாரின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது பல இடங்களில் நடந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் 1870 மக்கள்தொகைக் கணக்கை ஒரு சுவர் என்பார்கள். அதற்கு முந்தைய கணக்குகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, வயது, பாலினம், நிறம் மட்டும்தான். கறுப்பின அமெரிக்கர்களில் இந்தப் பெயருடைய பெரிய மனிதர் லியான் ஹிக்கின்பாதம், கூட்டரசு மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்து 1995இல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் பதக்கம் பெற்றவர். ஆக, பெயர் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்று என்று எங்கேயும் அடித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்திலேயே தத்துப் பிள்ளை, அம்மா பெயரை எடுத்துக்கொண்ட பிள்ளை, மாற்றாந்தந்தையின் பெயரைச் சுமந்த பிள்ளை என்று எத்தனையோ திருப்பங்கள் உண்டு.

இனி நம்ம கடை. ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்பவர் 1844இல் சென்னையில் தொடங்கியது. கப்பலில் டிக்கெட் இல்லாமல் ஒளிந்து வந்து, பிடிபட்டு, சென்னையில் இறக்கிவிடப்பட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. கதை என்றே சொல்லுங்கள், வரலாறு என்று சொல்லாதீர்கள். வெஸ்லியன் மிஷன்காரர்களின் புத்தகக் கடையில் வேலை பார்த்து, அது நஷ்டத்தில் விலைக்கு வந்தபோது அவரே வாங்கினார். 1880களின் கடைசியில் சென்னையின் ஷெரீஃபாகவும் இருந்தார். மவுண்ட் ரோட்டில் நீங்கள் போட்டோ காட்டிய வெள்ளைக் கட்டடம் 1904இல் வந்தது. பிறகு கடை அந்தக் குடும்பத்தின் கையை விட்டு ஸ்பென்சர்ஸ் வசம் போய், அதற்குப் பின் அமால்கமேஷன்ஸ் குழுமத்திடம் வந்தது. ஆகையால் "எங்கள் கடையில் எனக்குப் பங்கு உண்டா" என்று மேலாளர் விளையாட்டாகக் கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

உண்மையாகவே உறவு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு முனையிலிருந்தும் தேட வேண்டும். ஏபலின் முனை லண்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத்து ஐரோப்பியர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் உள்ளன. அந்தக் காலத் திருமணப் பதிவில் தந்தையின் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்று பிடிக்க அது ஒரு நுனி.

மேலாளரின் முனையை அவரே தேடட்டும். வீட்டில் உள்ள பிறப்புச் சான்றிதழ்களில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகச் சொல்லுங்கள். நடுவில் தாண்டக் கூடாது. புகழ்பெற்ற ஒரு ஹிக்கின்பாதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கீழே இறங்கி வருகிறவர்கள்தான் தப்பான தாத்தாவோடு வீடு திரும்புவார்கள். மக்கள்தொகைக் கணக்கில் பொதுமக்கள் பார்க்கத் திறந்திருப்பவற்றில் கடைசி 1921. 1931 கணக்கு தீயில் போனது, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியபோது மக்களைப் பதிந்த 1939 பதிவேடு கை கொடுக்கும். 1881 கணக்கு ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசம். அதற்கு முன்னால் 1841 வரை போகலாம். 1837 ஜூலை முதல் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் இருக்கின்றன, அதற்கு முன் பங்குப் பதிவேடுகள்தான். தேடும்போது முழுப் பெயரையும் அடிக்க வேண்டாம். நடுவில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரே வலையில் இழுக்கலாம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. ஸ்டாக்போர்ட் இப்போது கிரேட்டர் மான்செஸ்டர் என்றாலும், 1974 வரை அதன் பெரும்பகுதி செஷயர். பழைய ஆவணங்களை மான்செஸ்டரில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று அவர் சோர்ந்து உட்கார்ந்தால், செஷயர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்கும்போது, "உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அந்த ஊர்ப் பெயர் தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அடுத்து எந்தப் பதிவேட்டைப் புரட்டலாம் என்று பார்ப்போம்.