மால்லாக்கை எடுத்துவிட்டு நம்முடையதை வைக்கலாமா?

கேள்வி: சி மொழியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மொழிக்கு இன்டர்பிரெட்டர் (ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். மெமரி எவ்வளவு செலவாகிறது என்று கணக்கு வைக்க, சொந்தமாக ஓர் அலகேட்டர், அதாவது மெமரியை ஒதுக்கித் தரும் பகுதி, எழுதினேன். எல்லா ஃபைல்களும் சேர்க்கும் ஹெடரில் மெமரி எடுக்கும் மால்லாக், அதன் அளவை மாற்றும் ரியலாக், திருப்பித் தரும் ஃப்ரீ மூன்றுக்கும் மேக்ரோ (ஒரு பெயர் வரும் இடமெல்லாம் வேறொன்றை வைக்கும் கட்டளை) போட்டு என் ஃபங்ஷன்களுக்குத் திருப்பிவிட்டேன். சாதாரண ஸ்கிரிப்ட் எல்லாம் நன்றாக ஓடுகிறது. இன்னொரு ஃபைலை இம்போர்ட் செய்யும் ஸ்கிரிப்ட் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது. அலகேட்டரைத் தனியாகச் சோதித்துவிட்டேன், பிழை இல்லை. எங்கே தேடுவது?

பதில்: உங்கள் அலகேட்டரை நம்புகிறேன். இம்போர்ட் செய்யும் இடத்தில் ஃபைல் பெயரை நகல் எடுக்க ஸ்டர்டப்பை அழைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தானே மெமரி எடுத்துத் தரும் ரியல்பாத், கெட்லைன் மாதிரி ஏதாவது ஒரு லைப்ரரி ஃபங்ஷன்.

மேக்ரோவால் உங்கள் சோர்ஸில் எழுதியிருப்பதை மட்டும்தான் மாற்ற முடியும். ஸ்டர்டப் எப்போதோ கம்பைல் ஆகி லைப்ரரிக்குள் இருக்கிறது. அது உள்ளே அழைப்பது பழைய மால்லாக்கைத்தான். அங்கிருந்து வந்த பாயின்டரை (மெமரி முகவரியை) நீங்கள் ஃப்ரீ செய்யும்போது, அது உங்கள் ஃப்ரீயிடம் வந்து சேர்கிறது. கொடுத்தவர் ஒருவர், திருப்பி வாங்குபவர் இன்னொருவர்.

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். என் அலகேட்டர் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் 8 பைட்டில் அதன் அளவை எழுதி வைக்கும். அளவு எப்போதும் 16-இன் மடங்கு. இரண்டு நாள் தேடிய பிறகு, டீபக்கரில் ஃப்ரீக்குள் நிறுத்தி அந்த 8 பைட்டைப் படித்தேன். அளவு 33 என்றிருந்தது. நான் 33 என்று யாருக்கும் கொடுப்பதே இல்லை. சற்று யோசித்த பிறகுதான் புரிந்தது: 64-பிட் லினக்ஸில் சி லைப்ரரியான ஜிலிப்சியும் பாயின்டருக்கு முன்னால் அதே இடத்தில்தான் தன் அளவைக் குறித்து வைக்கிறது. சின்னச் சரத்துக்கு அது ஒதுக்கும் துண்டு 32 பைட். கடைசி பிட்டில் ஒரு கொடி, அதாவது முந்தைய துண்டு பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். 32-உம் 1-உம் சேர்ந்து 33. என் ஃப்ரீ அதைத் தன் பிளாக் என்று நம்பித் தன் காலிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பிறகு எப்போதோ அதை வேறு யாருக்கோ கொடுத்தது. அதனால்தான் விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. தப்பு நடந்த இடம் வேறு, விழும் இடம் வேறு.

எனவே மேக்ரோவை எடுத்துவிடுங்கள். ஸ்டாண்டர்டு ஹெடரைச் சேர்த்த ஃபைலில் அந்த ஹெடரின் பெயர்களுக்கு மேக்ரோ போடுவதைச் சி தரநிலையே அனுமதிப்பதில்லை. உங்கள் மொழியின் பெயரை முன்னொட்டாக வைத்துச் சொந்தப் பெயரில் ஃபங்ஷன்கள் எழுதி, சோர்ஸ் முழுக்க அவற்றையே அழையுங்கள். ஸ்டர்டப்புக்கும் சொந்தமாக ஒன்று வேண்டும், நாலு வரிதான். பெரிய இன்டர்பிரெட்டர்கள் எல்லாம் செய்வது இதைத்தான். பிஎச்பி மொழியில் ஈமால்லாக், ஈஃப்ரீ, ஈஸ்டர்டப் என்று குடும்பமே தனியாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது லுவா மொழியின் வழி: ஒரே ஒரு ஃபங்ஷன், பழைய பாயின்டர், பழைய அளவு, புதிய அளவு எல்லாம் அதற்குள் போகும், புதிய அளவு 0 என்றால் விடுவித்துவிடு என்று பொருள். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே கதவு வழியாக நடக்கிறது, ஜோடி மாறவே வழியில்லை.

மாற்றி முடித்த பிறகு இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஆப்ஜெக்ட் ஃபைல்கள் (கம்பைல் ஆகி வந்த ஃபைல்கள்) மேல் என்எம் கட்டளையை ஓட்டி, வெளியிலிருந்து எதையெல்லாம் கேட்கின்றன என்று பாருங்கள். உங்கள் அலகேட்டர் ஃபைலைத் தவிர வேறு எதிலாவது மால்லாக், ஸ்டர்டப் என்று தெரிந்தால் அங்கே வேலை பாக்கி. இரண்டு, ஜிசிசி கம்பைலரில் 'பாய்சன்' என்று ஒரு பிராக்மா (கம்பைலருக்கான குறிப்பு) உண்டு. ஒரு பெயரை அதில் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பெயர் வரும் இடத்தில் கம்பைல் நின்றுவிடும். ஸ்டாண்டர்டு ஹெடர்களுக்குப் பின்னால் அதைப் போடுங்கள், முன்னால் போட்டால் ஹெடரே தடுக்கும். ஜிசிசி தன் சொந்த சோர்ஸிலும் மால்லாக்கை இப்படித்தான் தடுத்து வைத்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து கைப்பழக்கத்தில் ஸ்டர்டப் என்று அடித்தால், அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

அப்புறம், 0 பைட் கேட்டால் என்ன என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். தரநிலைப்படி மால்லாக் அப்போது நல் (வெற்றுப் பாயின்டர்) கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நல் வந்தால் மெமரி தீர்ந்துவிட்டது என்று உங்கள் இன்டர்பிரெட்டர் நினைத்துக்கொள்ளும். சிபைத்தான் (சி மொழியில் எழுதிய பைத்தான் இன்டர்பிரெட்டர்) அந்த இடத்தில் 1 பைட் கேட்டதாக எடுத்துக்கொள்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாம்.

கேள்வி: என் நகல் ஃபங்ஷனை, மெமரியை நகல் எடுக்கும் லைப்ரரி ஃபங்ஷனான மெம்காப்பியின் பெயரிலும் இணைத்தேன். மெம்காப்பி என் ஃபங்ஷனை அழைக்கும், அதற்குள் ஒரு சாதாரண லூப், அவ்வளவுதான். ஆப்டிமைசேஷனைக் கூட்டினால் திரும்பி வருவதே இல்லை. ஏன்?

பதில்: உங்கள் லூப்பைப் பார்த்த கம்பைலர், 'இது மெம்காப்பி செய்யும் வேலையாயிற்றே' என்று கண்டுபிடித்து, லூப்பை எடுத்துவிட்டு அங்கே மெம்காப்பி அழைப்பை வைத்துவிட்டது. அது உங்களை அழைக்கிறது, நீங்கள் அதை அழைக்கிறீர்கள். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஜிசிசியின் 'நோ ட்ரீ லூப் டிஸ்ட்ரிபியூட் பேட்டர்ன்ஸ்' என்ற எஃப் கொடியைக் கொடுங்கள். ஆனால் ஏன் மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேகத்துக்காக என்றால் பழையதையே வையுங்கள். லைப்ரரியின் மெம்காப்பியை அந்தந்த சிப்புக்காக இழைத்திருக்கிறார்கள், சாதாரண லூப்பால் அதை முந்துவது கடினம்.

கேள்வி: என் இன்டர்பிரெட்டரை ஒரு விண்டோ நிரலுக்குள் பொருத்தினேன். ஸ்கிரிப்டில் 0.5 என்று எழுதினால் 0 என்று வருகிறது. தனியாக ஓட்டினால் சரியாக இருக்கிறது.

பதில்: விண்டோ நிரல் தொடக்கத்தில் செட்லோகேலை அழைத்து லோகேலை, அதாவது எண், தேதி எழுதும் ஊர் வழக்கத்தை, அமைத்திருக்கும். அந்த லோகேலில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி என்றால், சரத்தை எண்ணாக மாற்றும் ஸ்டர்டுடி 0-வோடு நின்றுவிடும். புள்ளி அதற்குத் தெரியாத எழுத்து. லோகேல் என்பது நிரல் முழுமைக்கும் பொதுவானது, உங்கள் இன்டர்பிரெட்டர் அதைக் கேட்காவிட்டாலும் அது வந்து சேரும்.

மாற்றியே ஆகவேண்டிய ஃபங்ஷன் என்றால் ஸ்டர்டுடியைத்தான் சொல்வேன். உங்கள் மொழியின் இலக்கணத்தில் 0.5 என்றால் அரை. ஓடும் கணினியின் அமைப்பைப் பொறுத்து அது மாறக்கூடாது. லுவா சிக்கனமாகச் சமாளிக்கிறது: ஸ்டர்டுடி தோற்றால், புள்ளியை லோகேலின் குறியாக மாற்றி இன்னொரு முறை கேட்கும். சிபைத்தான், ரூபி, பிஎச்பி மூன்றும் டேவிட் கே எழுதிய, சரத்தை எண்ணாகவும் எண்ணைச் சரமாகவும் மாற்றும் நிரலைத் தங்கள் சோர்ஸுக்குள்ளேயே எடுத்து வைத்திருக்கின்றன. பைத்தானில் 0.1 என்று அடித்தால் முன்பு 0.10000000000000001 என்று காட்டும். 3.1 பதிப்பிலிருந்து 0.1 என்றே காட்டுவது அந்த நிரல் உள்ளே வந்ததால்தான்.

நீங்களாக எழுத முயலாதீர்கள். கடைசி பிட் வரை சரியாக ரவுண்ட் செய்வது மிகவும் நுட்பமான வேலை. எடுத்து வைத்தாலும் பராமரிப்பு இனி உங்களுடையது. 2011 ஜனவரியில் பிஎச்பியில் ஒரு எண் பெரிய சிக்கலானது: 2.2250738585072011 பெருக்கல் 10-இன் −308ஆம் அடுக்கு. 32-பிட் கணினியில் அதைப் படிக்கப் போனால் லூப் முடியவே முடியாது. இன்டெல் சிப்பின் பழைய எக்ஸ்87 பதிவேடுகள் 80 பிட் துல்லியத்தில் கணக்கிட்டதால், விடை நெருங்காமலே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மாறிக்கு 'வாலடைல்' (மதிப்பை ஒவ்வொரு முறையும் மெமரியில் எழுது என்ற குறி) என்று போட்டுச் சரிசெய்து, 5.3.5, 5.2.17 பதிப்புகளை வெளியிட்டார்கள்.

கேள்வி: வரிசைப்படுத்த சி லைப்ரரியின் கியூசார்ட் போதாதா?

பதில்: போதாது. ஒப்பிடும் ஃபங்ஷனை உங்கள் மொழியில் எழுதப்போவது பயனர். அதற்குள் பிழை எழுந்து நீங்கள் லாங்ஜம்ப் போட்டு வெளியே குதித்தால், கியூசார்ட் உள்ளே எடுத்து வைத்திருந்த மெமரி திரும்பாது. பயனரின் ஒப்பீடு முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அரேயின் எல்லையைத் தாண்டியும் படிக்கக்கூடும். லுவாவின் சொந்த சார்ட் அந்த நிலையைக் கண்டுபிடித்து, 'வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் சரியில்லை' என்று பயனரிடமே சொல்லிவிடுகிறது. சமமான உருப்படிகள் பழைய வரிசையிலேயே இருக்கவேண்டும் என்றால் மெர்ஜ் சார்ட் எழுதுங்கள். ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். தற்காலிக அரேயை மட்டும் உங்கள் குப்பை சேகரிப்பானுக்கு (பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் பகுதிக்கு) தெரியும் இடத்தில் வையுங்கள், அப்போதுதான் பாதியில் குதித்தாலும் அது விடுவிக்கப்படும்.