பூங்கா, மைதானம் பார்க்கும் வேலை: ஆரையம்பதி அம்மா ஒருவருக்குப் பதில்

அக்கா, பூங்காவும் மைதானமும் பார்க்கிற வேலைக்குத்தான் போவேன் என்று மகள் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வேலை இங்கே இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. ஒரு ஊரின் பூங்கா, மைதானம், கடற்கரை, அங்கே நடக்கிற விளையாட்டு, சிறுவர் நிகழ்ச்சி, விடுமுறை முகாம் எல்லாவற்றையும் ஒரே ஆள் பொறுப்பெடுத்து நடத்துவது அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித் தொழில். நகரசபைக்கு அதற்கென்றே ஒரு திணைக்களம், அதற்கு ஒரு பணிப்பாளர், படிக்க ஒரு பட்டப்படிப்பு என்று இருக்கும். மகள் போனில் பார்த்து ஆசைப்பட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். மட்டக்களப்பில் அதே வேலை ஐந்தாறு மேசைகளில் பிரிந்து கிடக்கிறது. அதனால் "பூங்கா முகாமையாளர் தேவை" என்று வர்த்தமானியில் அறிவித்தல் வரும் என்று காத்திருந்தால் வயதுதான் போகும். எந்த மேசையில் போய் உட்காருவது என்பதைத்தான் நாம் இப்போது யோசிக்க வேண்டும்.

"கம்பஸ் முடித்துவிட்டுப் புல்லு வெட்டப் போறாளா?" என்று கேட்டிருந்தீர்கள். கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை, பயத்தில் கேட்டதுதான். சரி, அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த மேசைகள் எவை என்று தெரிய வேண்டும், ஏனென்றால் நம்மூரில் பெற்றோர் பாதிப்பேர் பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சபை என்பது வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற உள்ளூராட்சி மன்றம். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றில் மாநகர சபை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நகர சபை, உங்கள் ஆரையம்பதிக்கு மண்முனைப்பற்றுப் பிரதேச சபை. வாவிக்கரையில் இருக்கிற காந்தி பூங்கா, ஊர்ச் சிறுவர் பூங்காக்கள், பொது மைதானங்கள், நூலகம், சனசமூக நிலையம் எல்லாம் பெரும்பாலும் இந்தச் சபைகளின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், பொதுச் சுகாதாரம், வீதிகளோடு மக்களின் வசதிகளையும் நலனையும் பேணுவது சபையின் கடமை என்றே எழுதியிருக்கிறது. ஆனால் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பது அரசாங்கத்தின் நிர்வாக அலுவலகமான பிரதேச செயலகத்தில். இளைஞர் கழகங்களைப் பார்க்கிற இளைஞர் சேவை உத்தியோகத்தர் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் ஆள். கடற்கரையில் ஏதாவது கட்ட வேண்டுமென்றால் கரையோரம் பேணும் திணைக்களம். ஒலிபெருக்கி பூட்ட வேண்டுமென்றால் பொலிஸ் அனுமதி. கல்லடிக் கடற்கரையில் ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்குப் பட்டம் விடும் திருவிழா வைப்பதென்றால்கூட இத்தனை கதவையும் தட்டி, இத்தனை பேரையும் ஒரே திகதிக்குச் சம்மதிக்க வைக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக வருவதுதான் இந்தத் தொழில்.

இப்போது புல்லு வெட்டுகிற விடயத்துக்கு வருவோம். புல் வெட்டுவது கேவலமான வேலை இல்லை, ஆனால் மகள் செய்யப்போவது அதுவுமில்லை. எப்போது வெட்டுவது, யார் வெட்டுவது, அந்த மெசினுக்கு எண்ணெய் எந்தச் செலவுத் தலைப்பில் வரும், வெட்டிய குப்பை எங்கே போகும் என்று தீர்மானிப்பதுதான் அவளுடைய வேலையாக இருக்கும். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். வாவிக்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. சிறுவர் பூங்காவில் ஊஞ்சலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துத் திறப்பு விழா வைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் சங்கிலி மேலே கொழுக்கியில் தொங்குகிற அந்த முதல் வளையம் உராய்ந்து உராய்ந்து பாதியாகத் தேய்ந்திருக்கும், கீழே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது, ஏணி வைத்து ஏறிப் பார்த்தால்தான் தெரியும். குழாய்க் கால்கள் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்த்தால் பெயின்ட்டுக்குக் கீழே துரு பொலபொலவென்று கொட்டும். சறுக்கிக்கும் ஊஞ்சலுக்கும் கீழே ஒரு அடி ஆழத்துக்காவது தளர்ந்த மணல் இருக்க வேண்டும், ஏனென்றால் விளையாட்டு இடங்களில் பிள்ளைகளுக்கு வருகிற காயங்களில் கூடுதலானவை விழுந்து வருகிறவை. நம்மூரில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் பல இடத்தில் சறுக்கியின் அடியில் பிள்ளைகளின் கால் பட்டுப் பட்டுக் காய்ந்து இறுகிய நிலம்தான் இருக்கிறது. வெய்யிலைப் பார்த்தபடி வைத்த தகரச் சறுக்கியில் பகல் பன்னிரண்டு மணிக்கு யாராவது பிள்ளையை உட்கார வைக்க முடியுமா? நிழல் விழுகிற பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று யோசித்த ஆள் அன்று அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மரம் நடுவதும் அப்படித்தான். ஜூன் மாதம் சுற்றாடல் தினத்துக்கு வரிசையாக நின்று மரம் நடுவார்கள், ஜூலையில் தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது அவ்வளவும் கருகிப் போயிருக்கும். கிழக்கில் மழை வடகிழக்கு வாடைக் காற்றோடு வருவது. ஐப்பசி மழை தொடங்குகிற நேரம் நட்டால் மூன்று மாதம் வானமே தண்ணீர் ஊற்றும், கச்சான் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். பூவரசு, புங்கை, வேம்பு என்று உப்பும் வறட்சியும் தாங்குகிற மரமாகப் பார்க்க வேண்டும், கன்றைச் சுற்றிக் கூடு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டாக்காலி மாடு ஒரே இரவில் முடித்துவிடும். மழை முடிந்தால் டெங்குப் பயம். மரப்பொந்து, பூச்சட்டி, சிறுவர் விளையாட்டுக்குப் போட்ட பழைய டயர் எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சபைக்கே எச்சரிக்கை கொடுத்தால் வெட்கக்கேடு.

ஆனால் இவ்வளவும் லேசான பாதி. கஷ்டமான பாதி மனிதர்கள். ஒரு மைதானம், மூன்று விளையாட்டுக் கழகம், ஒவ்வொரு சனி ஞாயிறும் யாரோ ஒருவருக்கு மென்பந்துச் சுற்றுப்போட்டி. ஒரு கழகத்தின் தலைவர் சபை உறுப்பினருக்கு மச்சான். பாடசாலை வலைப்பந்துப் பிள்ளைகள் பழகுவதற்கு நாலு மணிக்கு வந்தால் நடுவில் கிரிக்கெட் விக்கெட் ஊன்றியிருக்கும். பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு வாகனம் நிறுத்த இடம் கேட்பார்கள். இதற்கெல்லாம் யாருக்கு எந்த நாள், எந்த மணி, எவ்வளவு கட்டணம், எவ்வளவு வைப்புப் பணம், விளக்குக்கு யார் காசு என்று எழுத்தில் ஒரு அட்டவணை போட்டு, சபையில் தீர்மானமாக எடுத்து, அதை வாசலில் பலகையில் ஒட்டி, பிறகு சபைத் தலைவரான தவிசாளரே போன் பண்ணினாலும் "பலகையில் இருக்கிறபடிதான் சேர்" என்று சொல்லத் தெரிய வேண்டும். சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் மகள் பாடசாலையில் வலைப்பந்து அணித் தலைவி என்றும், ஊரில் சிறுவர் தின விளையாட்டை இரண்டு வருடம் தானே நடத்தினாள் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அதைப் பக்கவாட்டில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அவளுடைய உயிரியல் பெறுபேற்றைவிட அதுதான் முக்கியமாகப் பட்டது.

பாதைகளைச் சொல்கிறேன். அவள் உயிரியல் பிரிவு, மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் பரீட்சைப் புள்ளி) காணாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அப்படியென்றால் என் முதல் தெரிவு விவசாய விஞ்ஞானம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, வீட்டிலிருந்து போய்வரலாம். மண், தண்ணீர், பூங்காச் செடி, நோய் எல்லாம் படிப்பாள், பட்டத்தோடு மாகாண, மத்திய அரசுப் போட்டிப் பரீட்சைகளுக்கும் உட்காரலாம். இரண்டாவது, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலை. பூங்காவை வரைகிற, வடிவமைக்கிற படிப்பு அது. நல்ல படிப்பு, ஆனால் அந்தத் துறைக்கு ஏற்ற ஆளா என்று பார்க்கிற உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்த அறிவித்தலைத் தவற விட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை. வருடா வருடம் நம் பக்கத்துப் பிள்ளைகள் தவற விடுகிறார்கள், யாரும் சொல்லவில்லை என்பார்கள். மூன்றாவது, சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும், விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்ற படிப்பும் இருக்கின்றன. விளையாட்டுச் சான்றிதழ்கள் கைவசம் இருந்தால் அதையும் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் தெரிவு வரிசையில் போடலாம். எனக்குக் கேட்டால், ஆளை நடத்தத் தெரிந்த பிள்ளைக்கு மண்ணையும் மரத்தையும் படிப்பிப்பது லாபம், அவளுக்குத் தெரிந்ததையே வருடக்கணக்கில் திரும்பப் படிப்பதைவிட. அதனால்தான் விவசாயத்தை முதலில் வைத்தேன்.

கம்பஸ் கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். அம்பாறைப் பக்கம் பாலமுனையில் விவசாயத் திணைக்களத்தின் விவசாயக் கல்லூரி இருக்கிறது, டிப்ளோமா செய்யலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் பூங்கா, நிலத்தோற்றப் பராமரிப்பு சம்பந்தமான என்.வி.கியூ (தேசியத் தொழில் தகைமை) பயிற்சிகள் வரும்போது பாருங்கள். என்.வி.கியூ நாலாம் மட்டம் எடுத்தவர் ஐந்து, ஆறு என்று டிப்ளோமா வரைக்கும் ஏறலாம், ஏழு என்றால் பட்டத்துக்குச் சமம். பாசிக்குடா ஹோட்டல்களில் தோட்டத்துக்கும் விருந்தினர் விளையாட்டுகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள், ஒரு வருடம் அங்கே நின்றால் பராமரிப்பு என்றால் என்ன என்று கண்ணால் தெரியும், சபையில் பத்து வருடத்தில் தெரியாதது.

வேலைக்குள் நுழைவது எப்படி என்றால், மாகாணத்தில் முகாமைத்துவ உத்தியோகத்தர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், சமூக அபிவிருத்தி உத்தியோகத்தர், விளையாட்டு உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர் இப்படிப் பல பெயரில் அறிவித்தல் வரும். எந்தப் பெயரில் உள்ளே போனாலும், சபையில் பூங்காக் கோவை (பைல்) யார் கையில் இருக்கிறது என்று பார்த்து அதைத் தன் மேசைக்கு இழுத்துக்கொள்ளலாம். யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் கோவையை விரும்பி எடுக்கிற ஆளே குறைவு! மேலே போக விரும்பினால் இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சை இருக்கிறது. மாநகர ஆணையாளர் கதிரைக்குப் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஆள் வருகிறார்கள். சிங்களம் படிக்கச் சொல்லுங்கள், இன்றிலிருந்தே. அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள் என்பது ஒரு பக்கம், அம்பாறை நகரத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டி வரும் என்பது இன்னொரு பக்கம்.

அரசியல் பயம் பற்றி எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், 2023 மார்ச்சில் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து 2025 மே 6இல் தேர்தல் நடக்கும் வரைக்கும் உறுப்பினர்களே இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் அந்தச் சபைகளை நடத்தினார்கள். உத்தியோகத்தர்தான் நிலைத்து நிற்கிறவர். யார் வந்தாலும் போனாலும் பூங்காக் கதவைக் காலையில் ஒருவர் திறக்க வேண்டும்.

பொம்பிளைப் பிள்ளை, பின்னேரம் இருட்டுகிற நேரம் மைதானத்தில் நிற்கலாமா என்று கேட்டீர்கள். அவள் மாதிரி ஆட்கள் பொறுப்பில் இல்லாததால்தான் பல இடத்தில் பெண்கள் வருவதில்லை. ஒரு பூங்காவில் கழிப்பறை பூட்டிக் கிடந்து, நடைபாதையில் விளக்கு எரியாமல் இருந்தால், அங்கே தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்குப் பிறகு இருக்க மாட்டார்கள், வேலியோரம் நிற்கிறவர்கள்தான் இருப்பார்கள். இதைத் தானாக யோசிக்கிற ஆண் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் கண்டவரைக்கும் குறைவு. பாதுகாப்புக்கு, வேலை நேரமும் வீடு திரும்பும் ஒழுங்கும் முதலிலேயே கதைத்துக்கொள்ளலாம், எந்த அரச வேலைக்கும் அது பொதுதான். சம்பளம் மற்ற அரச உத்தியோகத்தர்களுக்கு என்ன தரமோ அதுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மாப்பிள்ளை பார்க்கிறபோது "சபையில் உத்தியோகம்" என்று சொன்னால் போதும், ஊஞ்சல் சங்கிலிக் கதை யாரும் கேட்க மாட்டார்கள்.

பல்கலைக்கழக அனுமதி வரும்வரை சில மாதம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் மகளை உங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவுக்கு ஒரு கொப்பியோடு அனுப்புங்கள். எந்த நேரம் யார் வருகிறார்கள், எந்த வயது, எது உடைந்திருக்கிறது, எந்த மூலை யாரும் போகாத மூலை என்று குறிக்கட்டும், காலையிலும் பின்னேரமும், கிழமை நாளிலும் ஞாயிறிலும். அதைப் படத்தோடு இரண்டு பக்கத்தில் எழுதி, என்ன திருத்த வேண்டும், கிட்டத்தட்ட எவ்வளவு செலவு என்று போட்டு, சபைச் செயலாளருக்குக் கையில் கொடுக்கட்டும், ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கட்டும். செப்டெம்பருக்குள் கொடுத்தால் நல்லது, அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் அந்த மாதங்களில்தான் தயாராகும், வருடம் முடிவதற்குள் சபையில் நிறைவேறும். அவர்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த முத்திரை குத்திய பிரதி நாளைக்கு நேர்முகப் பரீட்சையில் அவள் மேசையில் வைக்கிற முதல் தாள்.

தெரிவு வரிசையை ஒன்லைனில் அனுப்புவதற்கு முதல் மகளையே என்னோடு கதைக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் அவள் கதைக்கட்டும். உளச்சார்புப் பரீட்சை அறிவித்தல்களுக்கு இப்போதே ஒரு கண் வைத்திருங்கள்.