வெட்டியது தம்பி, வங்கியில் நீட்டப்போவது நீங்கள்

பூர்விக வீடு விற்ற பணத்தைப் பிரிக்கும்போது தகராறு முற்றி, உங்கள் பங்காக மேசையில் இருந்த 500 ரூபாய் நோட்டுகளில் 80-ஐப் பத்துப் பத்தாகப் பிடித்துத் தம்பி கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். காந்தி படம் உள்ள நோட்டை வெட்டியதற்கு தேச அவமதிப்பு வழக்குப் போட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. 1971-ம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடி, அரசியலமைப்பு, தேசிய கீதம் இவற்றோடு நின்றுவிடுகிறது. நாணயத்தை உருக்கினாலோ அழித்தாலோ 2011 நாணயச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. நோட்டை வெட்டுவதற்கு அப்படி நேரடிப் பிரிவு இல்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 27-வது பிரிவைப் பலரும் காட்டுவார்கள். கிழிந்த நோட்டை மறுபடி புழக்கத்தில் விடாதே என்று அது சொல்வது ரிசர்வ் வங்கிக்கு. உங்கள் பொருளுக்கு நஷ்டம் விளைவித்தார் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 324-வது பிரிவில் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது யார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது, வழக்குக்கு அது உதவாது.

எனக்குக் கவலை வேறு. "எலி கடித்ததாகச் சொல்லி மாற்றிவிடு" என்று மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தானாகக் கிழிந்த நோட்டுக்கு விதி தாராளமானது: 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், பெரிய துண்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை என்றால் பாதி. ஆனால் வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தால் 2009 நோட்டு மாற்று விதிகள்படி கோரிக்கையே தள்ளுபடி. வங்கிமேல் வழக்கும் நிற்காது. சேதமான நோட்டுக்குப் பணம் கேட்பது உரிமை ஆகாது, ரிசர்வ் வங்கி சலுகையாகத் தருவது என்று அதன் சட்டம் 28-வது பிரிவிலேயே இருக்கிறது.

என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் எலிக் கதை சொல்லி, மூன்று கிளைகளில் பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது இடத்தில் காசாளர் நான்கு நோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார். விளிம்பு நான்கிலும் ஒரே கோடாக ஓடியது. போதாததற்கு, அவசரத்தில் ஒட்டிய ஒரு நோட்டில் இரண்டு பக்க எண்ணும் வேறு வேறு. ஒரே மாதிரி வெட்டிய நோட்டுகள் மொத்தமாக வந்தால், கொண்டுவந்தவர் பெயரோடு ரிசர்வ் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்கும்படி வங்கிகளுக்கு உத்தரவு இருக்கிறது. கத்தரியைத் தொடாத அந்த மனிதர் மோசடிப் புகாருக்குப் பதில் சொல்ல மாதக்கணக்கில் அலைந்தார். உங்கள் தம்பி பத்துப் பத்தாக வெட்டியது அதே அடையாளத்தைத்தான் விட்டிருக்கும்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். நஷ்டம் 40,000 ரூபாய். இரண்டு தவணையில் உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். 30,000 என்று இறங்கி வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பணத்துக்கு ஈடாக இதைத் தருகிறார் என்பதை எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், துண்டுகளை ஒட்ட வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, இருக்கிறபடியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். கடைசித் தவணை வந்து சேரும்வரை அந்த உறை உங்களிடமே இருக்கட்டும்.