ஜவ்வு எங்கே விலகியது?

வணக்கம் சார்,

இரண்டு வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். போன மாதம் பஸ் பயணம் பற்றிய கட்டுரையில், "கடைசி சீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்ததில் இடுப்பெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது" என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

எனக்கு 38 வயது. திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர். பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட். நாலு மாதமாக வலி. வலது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று இறங்கி, கால் பெருவிரலில் போய் முடிகிறது. ஸ்கேன் எடுத்தோம். எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், எல்5-எஸ்1 லேசான பல்ஜ், இடுப்பு வளைவு குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட். "ஜவ்வு விலகியிருக்கு, எழுபது வயசு முதுகு மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். மேற்கொண்டு கேட்க முடியவில்லை, வெளியே அவ்வளவு கூட்டம்.

விலகிய ஜவ்வு எங்கே போயிருக்கும் சார்? எங்கள் பக்கம் ஒருவர் எண்ணெய் போட்டுத் தடவி உள்ளே தள்ளிவிடுகிறாராம், போகலாமா? எனக்கு இரண்டும் சிசேரியன். அப்போது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா? இத்தனை எலும்பு இருக்க, யாரைக் கேட்டாலும் எல்4, எல்5 என்றே சொல்கிறார்களே, ஏன்? நீங்கள் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அப்புறம், தினம் எலும்பு சூப் குடித்தால் ஜவ்வு வளருமா?

பெயர் போட வேண்டாம் சார்.

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வாக்கியத்துக்கு மன்னிப்பு. இடுப்பெலும்பு அப்படியெல்லாம் கழன்று விழாது என்று தெரிந்தே எழுதினேன். எழுத்தில் ஒரு சுவாரசியத்துக்காகப் போட்டது உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. எடுத்துவிட்டேன்.

நான் வைத்தியன் இல்லை. கல்லூரியில் எலும்புகளைக் கையில் பிடித்துக் காட்டிப் பாடம் நடத்தினவன், அவ்வளவுதான். ஆகவே உங்கள் இடுப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும், என்ன மாத்திரை போடலாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லலாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சரி, ஜவ்வுக்கு வருவோம்.

இந்த 'விலகல்' என்ற சொல்லுக்கு எங்கள் பரிசோதனைக்கூடமும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அங்கே நிறுத்தி வைத்திருக்கும் எலும்புக்கூட்டில் முதுகெலும்புகளைக் கம்பியில் கோத்திருப்பார்கள். இடையிடையே ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டிச் செருகியிருக்கும். அதுதான் டிஸ்க். எங்கள் கூட்டில் நாலைந்து வட்டங்கள் எப்போதும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பையன்கள் வேறு பிடித்து இழுத்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தவன் வாழ்நாள் முழுக்க, இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு வட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, தப்பித்தவறி குனிந்தால் நழுவி ஓடிவிடும் என்றுதான் நினைப்பான். பாடப் புத்தகம் அதைத் 'தட்டு' என்கிறது. தட்டு என்றாலே எடுத்து வைக்கலாம், நகர்த்தலாம். 'ஜவ்வு' என்றால் மெல்லியதாக, கிழிகிற மாதிரி ஏதோ ஒன்று. இரண்டுமே பொருந்தவில்லை.

உங்கள் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய், ஆட்டின் இடுப்புப் பகுதி முதுகெலும்பைத் துண்டு போடாமல் முழுதாகக் கேட்டு வாங்கினேன். "சூப்புக்கு வெட்டாம எப்படி சார்?" என்று கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். நமக்கு அந்த இடத்தில் ஐந்து எலும்பு, ஆட்டுக்குப் பெரும்பாலும் ஆறு. கழுவி, சதையை வழித்து, மேடையில் வைத்தேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு, அதுதான் டிஸ்க். கத்தி முனையைச் செருகி நெம்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். வழுக்கியது என் கைதான். கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தபோதும் இரண்டு பக்க எலும்பிலும் நார் ஒட்டிக்கொண்டே வந்தது. நம்முடையதும் இந்த மாதிரிதான், அளவில் பெரிது. இது இரண்டு எலும்புக்கு நடுவே வைத்த பொருளே கிடையாது, இரண்டையும் சேர்த்துக் கட்டிய கட்டு.

நீங்கள் டெய்லர், உங்களுக்குச் சொல்வது சுலபம். 'கிராஸ்' வெட்டு தெரியும் அல்லவா? துணியைச் சாய்வாக வெட்டிய ஒரு பட்டை. அடுத்த பட்டையை எதிர்ச் சாய்வில் வெட்டி அதன் மேல் சுற்றுங்கள். மறுபடி முதல் சாய்வு, மறுபடி எதிர்ச் சாய்வு. இப்படி 15 முதல் 25 சுற்று. டிஸ்க்கின் வெளிவளையம் இந்த மாதிரிக் கட்டப்பட்டதுதான், துணிக்குப் பதில் நார். நடுவில் நீர் நிறைந்த, கெட்டிக் கூழ் போன்ற ஒரு பொருள். மேலும் கீழும் குருத்தெலும்பு மூடி. நாம் நிற்கும்போது கூழ் எல்லாப் பக்கமும் அழுத்துகிறது, நார் வளையம் இழுத்துப் பிடிக்கிறது. காற்றடித்த டயர் சுமையைத் தாங்குகிற அதே கணக்கு.

அந்த அழுத்தத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1960களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன் என்ற மருத்துவர் ஊசியையே டிஸ்க்குக்குள் செலுத்தி அளந்தார். 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒருவரின் எல்4-எல்5 டிஸ்க்கில், அதாவது நான்காவது ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவில் உள்ளதில், சென்சார் வைத்து ஒரு நாள் முழுக்கக் கணக்கெடுத்தார்கள். ஒரே ஒரு ஆளின் கணக்கு, அதனால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் எண்களைக் கேளுங்கள். காருக்கு 'முப்பது வை' என்போமே, அந்த பிஎஸ்ஐ கணக்கில் மாற்றிச் சொல்கிறேன். மல்லாந்து படுத்திருக்கும்போது 15. நிற்கும்போது 70க்குக் கொஞ்சம் மேல். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தால் 40. உட்கார்ந்த வாக்கில் முழுக்க முன்னால் குனிந்தால் 120. இருபது கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 330. ஸ்டூலில் சாய்மானம் இல்லாமல் ஊசி முனையைப் பார்த்துக் குனிந்திருக்கும் உங்கள் ஒன்றரை ஷிஃப்ட் இதில் எங்கே வரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இப்போது 'பல்ஜ்' என்றால் என்னவென்று பார்க்கலாம். வயதாக ஆக நடுவில் இருக்கும் கூழின் நீர் குறைகிறது. காற்றுக் குறைந்த டயர் கீழே பிதுங்கும் இல்லையா, அது மாதிரி வளையம் சுற்றிலும் கொஞ்சம் பிதுங்குகிறது. எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சிலருக்கு வளையத்தின் ஒரு பக்கம் விரிசல் விட்டுக் கூழ் அந்த வழியாகத் துருத்தும், அது அடுத்த கட்டம். பின்பக்கம் வளையம் மெலிது. பின்புறத்தின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு தசைநார் பட்டை காவல் நிற்கிறது, ஆனால் இடுப்புக்கு வரவர அந்தப் பட்டை குறுகிவிடும். ஆகவே துருத்தல் பெரும்பாலும் பின்னால் ஓரமாக நடக்கும். சனியன், நரம்பு இறங்கும் பாதையும் அதுவேதான். எல்4-எல்5இல் துருத்தினால் வழக்கமாகச் சிக்குவது ஐந்தாவது இடுப்பு நரம்பு. அந்த நரம்பின் தடம் கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பாதத்தின் மேற்புறம், பெருவிரல். உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஏன் எல்4, எல்5 மட்டும் என்று கேட்டீர்கள். இடுப்பில் ஐந்து எலும்பு. அசையக்கூடிய முதுகெலும்புகளில் இவைதான் பெரியவை. இவற்றுக்குக் கீழே திருவெலும்பு, அது ஐந்து எலும்பு ஒட்டி ஒன்றானது, அசையாது. உங்கள் ரிப்போர்ட்டில் எஸ்1 என்றிருப்பது அதன் முதல் எலும்பு. தலை, கை, மார்பு, வயிறு என்று உடல் எடையில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி இரண்டு இணைப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுமையை மட்டும் தாங்கினால் பரவாயில்லை, குனிந்து நிமிர்வதிலும் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. போதாததற்குத் திருவெலும்பின் மேல்பரப்பு முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சரிவான தரையில் பீரோவை நிறுத்தின மாதிரி. ஐந்தாவது எலும்பு அதற்காகவே ஆப்பு வடிவில் அமைந்திருக்கிறது, முன்பக்கம் உயரம், பின்பக்கம் குட்டை. டிஸ்க் துருத்தல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த இரண்டு இடத்தில்தான்.

பின்பக்கம் இன்னொரு அமைப்பு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு எலும்பிலிருந்தும் கீழ்நோக்கி இரண்டு கொம்பு இறங்கி, அடுத்த எலும்பிலிருந்து மேல்நோக்கி வரும் இரண்டு கொம்புக்கு நடுவே போய் உட்கார்கிறது. ஆட்டெலும்பில் அது இன்னும் கச்சிதம். பிரித்துப் பார்த்தால் உள்பக்கம் வழவழவென்று நீலம் கலந்த வெள்ளையில் மின்னும். இந்தக் கொம்புகள் பக்கவாட்டுச் சுவர் மாதிரி நிற்பதால் குனியலாம், நிமிரலாம், ஆனால் திரும்ப முடியாது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றிரண்டு டிகிரிதான் திரும்பும். நாம் இடுப்பைத் திருப்புவதாக நினைப்பதெல்லாம் மார்புப் பகுதியும் தொடை மூட்டும் செய்யும் வேலை. உதவிக்கு இருக்கும் கைமடி ஆள் துணிக்கட்டு ஒன்றை உங்கள் பக்கவாட்டில் வைத்துவிட்டுப் போவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து, திரும்பி, எட்டி எடுப்பீர்கள். திரும்பும்போது எதிரெதிர்ச் சாய்வுள்ள அந்த நார்ச் சுற்றுகளில் பாதிதான் இழுத்துப் பிடிக்கும், மீதிப் பாதி தொய்ந்துவிடும். பாதம், முழங்கால், ஸ்டூல் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி எடுங்கள். சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும்.

தடவுகிறவரிடம் போகலாமா? பிடித்துக்கொண்ட தசையை இளக்க எண்ணெயும் சூடும் உதவலாம். உங்கள் ரிப்போர்ட்டில் வளைவு குறைந்திருப்பதாக இருப்பதே கூட, வலியால் தசை இறுகி இடுப்பை நேராக்கியதால் இருக்கலாம். ஆனால் டிஸ்க்கைக் கையால் தொட முடியாது. தோல், கொழுப்பு, கைப்பிடி அளவு தடித்த தசை, எலும்பு வளைவு, நரம்புகள் போகும் குழாய், இத்தனையும் தாண்டித்தான் டிஸ்க். திருகும்போது 'டக்' என்று கேட்குமே, அந்தச் சத்தம் நான் சொன்ன கொம்பு மூட்டின் நீரில் உண்டாகும் வாயுக்குமிழி. விரலில் சொடக்கு எடுத்தால் வருவதும் அதுதான். ஜவ்வு உள்ளே போன சத்தம் என்று காசு வாங்குகிறார்கள். நரம்பு வலி காலில் இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் உங்கள் இடுப்பைத் திருக விடாதீர்கள்.

மாமியார் சொன்ன ஊசிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சிசேரியன் ஆன பெண்களில் இதைச் சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை, என் மனைவி உட்பட. தண்டுவடம் என்பது முதுகின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு அது முதல் அல்லது இரண்டாம் இடுப்பெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள் நீரில் தொங்குகின்றன, குதிரைவால் என்றே அதற்குப் பெயர். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளின் இடைவெளி வாக்கில். இடுப்பில் கை வைத்து நின்றால் விரல் படும் எலும்பு விளிம்பு இருக்கிறதே, அதன் உச்சியிலிருந்து குறுக்கே கோடு போட்டால் நான்காவது எலும்பு. மயக்க மருத்துவர் கைவைத்துத் தடவிப் பார்ப்பது அதைத்தான். ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். பின்பக்க முட்களுக்கு நடுவே தசைநார் வழியாகப் போகிறது, டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் இந்த முறையைத் தொடங்கினார். தன் மேலேயே ஊசி போடச் சொல்லிப் பார்த்து, அதன் பின் நாள் கணக்கில் தலைவலியோடு படுத்துக் கிடந்தார். தலைவலி வரலாம், ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். பத்து வருடம் கழித்து வரும் வலிக்கு அந்த ஊசி காரணம் ஆகாது.

ஆனால் மாமியார் முழுக்கத் தப்பும் இல்லை, பிள்ளைப்பேறுக்கும் இடுப்புக்கும் கணக்கு உண்டு. வயிறு முன்னால் வளரவளர உடம்பு கவிழாமல் இருக்க இடுப்பு பின்னால் வளைய வேண்டும். 2007இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆண்களுக்கு இரண்டு இடுப்பெலும்பில் இருக்கும் ஆப்பு வடிவம் பெண்களுக்கு மூன்றில் இருப்பதைக் காட்டியது. அந்தக் கூடுதல் வளைவு கர்ப்பத்துக்கான ஏற்பாடு. பிறகு வயிற்றுத் தசை தொய்ந்திருக்கும் நேரத்தில் குழந்தையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, அப்புறம் மிஷின். ஊசியை மட்டும் குற்றவாளி ஆக்கினால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

எழுபது வயசு முதுகு என்றாரே, அதுதான் எனக்குக் கோபம். வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 40 வயதில் 50. 80 வயதில் 84. இத்தனை பேருக்கும் ஒரு வலியும் கிடையாது. உங்கள் வயதுக்காரர்கள் இருவரில் ஒருவருக்கு இருப்பதுதான் உங்களுக்கும் இருக்கிறது. வலி பொய் என்று சொல்லவில்லை, நரம்பு உரசுகிறது, வலிக்கத்தான் செய்யும். துருத்திய கூழைக் கூட உடம்பே நாளடைவில் கரைத்துச் சுருக்குவது சகஜம், பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிறது. அதற்காக மாதக்கணக்கில் படுத்துவிட வேண்டாம். டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சாப்பாடு அந்தக் குருத்தெலும்பு மூடி வழியாகக் கசிந்துதான் உள்ளே போக வேண்டும். ராத்திரி படுத்தால் நீரை உறிஞ்சி ஊதுகிறது, பகலில் பிழிந்து இறங்குகிறது. அதனால்தான் காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். ஊதியிருக்கும் அந்த முதல் மணி நேரத்தில் குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது வேண்டாம். மற்றபடி நடங்கள், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நில்லுங்கள். என்ன பயிற்சி செய்யலாம் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

எலும்பு சூப்பால் ஜவ்வு வளராது. வயிற்றுக்குள் போனால் அதுவும் மற்றப் புரதம் மாதிரி செரித்துப் போகும். நான் அறுத்துப் பார்த்த ஆட்டெலும்பை என்ன செய்வது என்று வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, மிளகு தூக்கலாக, அன்று ராத்திரியே சூப் வைத்துவிட்டோம். குக்கரில் எட்டு விசில் விட்ட பிறகு, காலையில் கத்திக்கு அசையாத அந்த டிஸ்க் கரண்டி பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது.