சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுத் துறையை விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தாவரவியல் இளநிலைப் பட்டம் முடிக்கவிருக்கும் தங்கள் மகள் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுத் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், அதில் நிலையான வேலை கிடைக்குமா என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரு திட்டத்தால் நிலத்துக்கும் நீருக்கும் உயிரினங்களுக்கும் என்ன பாதிப்பு வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் இத்துறைக்கான தேவையைச் சட்டமே உண்டாக்கியிருக்கிறது. ஒன்றிய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம் முதலாகப் பட்டியலில் உள்ள திட்டங்களின் பணியைச் சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் தொடங்க இயலாது. பெரும்பாலானவற்றுக்கு மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். அதை நாபெட் எனப்படும் தேசிய வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள் தயாரிக்கின்றன. சூழலியலும் பல்லுயிர்ப் பெருக்கமும் அங்கே தனி வல்லுநருக்குரிய பிரிவு என்பதால், தங்கள் மகளுக்கு இடம் உண்டு.

அந்த இடம் எளிதானதன்று. பல திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துக் களத் தரவே கேட்கப்படுகிறது. மழைக்குப் பின் முளைத்துச் சில வாரங்களில் மடியும் சிறு செடிகள் கோடையில் நடப்பவரின் கண்ணில் படுவதில்லை. காய்ந்த தண்டையும் விதையையும் கொண்டு செடியை அடையாளம் காண்பவர் எழுதும் பட்டியலும், பழைய அறிக்கையைப் பார்த்து நிரப்பிய பட்டியலும் ஒன்றல்ல; அனுமதி தரலாமா என்று ஆராயும் நிபுணர் குழு திட்டத்தை எடைபோடுவது அந்தப் பட்டியலை நம்பித்தான். ஆகவே முதுநிலையில் எப்பாடத்தைத் தேர்ந்தாலும், தாவர வகைப்பாட்டியலை அவர் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வரைபடத் தரவுகளைக் கையாளும் புவியியல் தகவல் அமைப்பு மென்பொருளையும் கற்றுக்கொள்ளட்டும்.

அறிக்கைக்கான கட்டணத்தைத் திட்டத்தைக் கொண்டுவருபவரே தருகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதகமான உண்மையை எழுதாதே என்ற நெருக்கடி வரலாம். தவறான தரவு கண்டறியப்பட்டால் அனுமதியே ரத்தாகலாம் என்று அதே அறிவிக்கை கூறுவது நேர்மையாளருக்கு ஒரு பிடிமானம். மேலும், சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில், நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பாதை முடிவான பிறகு வரும் மதிப்பீட்டால் எவ்வளவு மாற்ற முடியும் என்ற கேள்வியோடுதான் தங்கள் மகள் பணிபுரிய வேண்டியிருக்கும்.

அரசுப் பணியே வேண்டுமென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சுற்றுச்சூழல் அறிவியலாளர் பணிக்கான அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். இத்தகைய திட்டங்களைப் பற்றி அவ்வாரியம் நடத்தும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே நாளிதழில் அறிவிக்கப்படும். தங்கள் மாவட்டத்தில் அடுத்த கூட்டம் நடக்கும்போது, வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை முன்னதாகப் படித்துவிட்டு, மகளோடு தாங்களும் சென்று அமர்ந்து கேளுங்கள். அதன் பிறகு முதுநிலை விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.